நகராட்சி வார்டுல தறித் தொழிலாளி ஒருத்தரை நிறுத்தி ஜெயிக்க வைக்கணும்: வேலையை எங்கிருந்து தொடங்குறது?

தறிமேடை (கேள்வி)

நாமக்கல் மாவட்டத்துல ஒரு நகராட்சி. வார்டுல ஏறக்குறைய 2,100 ஓட்டு. பாதிக்கு மேல விசைத்தறி ஓட்டுறவங்க, தறிக்கு நூல் சுத்தித் தார் போடுற பெண்கள், கட்டட வேலைக்குப் போறவங்க, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள். பட்டறைக்காரங்களும் (தறி முதலாளிகள்) இதே வார்டுலதான் குடியிருக்காங்க. 2022 மார்ச் 2-ல பதவியேத்த மன்றத்தோட ஐந்தாண்டு 2027 மார்ச்சோட முடியுது. அடுத்த தேர்தலுக்கு எங்க சங்கத்துல இருந்து ஒருத்தரை நிறுத்தலாம்னு பேச்சு.

கையில இருக்கிறது இருபது பேர், எல்லாரும் வேலைக்குப் போறவங்க. பணம் கிடையாது. கேள்விகள்: (1) இப்பவே செய்ய வேண்டியது என்ன, அறிவிப்பு வந்த பிறகு செய்ய வேண்டியது என்ன? (2) சுயேச்சையா, ஏதாவது கட்சிச் சின்னத்துலயா? (3) கடைசி ரெண்டு ராத்திரி பணம் இறங்கும்போது என்ன பண்றது? "மக்களைத் திரட்டுங்கள்" மாதிரி பொதுவான பதில் வேண்டாம் தோழர்களே, கணக்கோட சொல்லுங்க.

வீட்டுக்கணக்கு

முதல்ல தேதிகளைப் பாருங்க. 2022-ல அறிவிப்பு ஜனவரி 26. மனு 28-ல ஆரம்பிச்சு பிப்ரவரி 4 வரைக்கும். பரிசீலனை 5, வாபஸ் 7, ஓட்டு 19. மொத்தம் 24 நாள். அதுலயும் சுயேச்சைக்குச் சின்னம் கைக்கு வர்றது வாபஸ் முடிஞ்ச சாயங்காலம்தான். பிரச்சாரம் 17-ம் தேதி ஓஞ்சு போச்சு. ஆக உங்க சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேக்கக் கிடைக்கிறது பத்து நாள். இந்தப் பத்து நாள்ல புதுசா யாரையும் நம்ம பக்கம் திருப்ப முடியாது, ஏற்கெனவே நம்ம பக்கம் இருக்கிறவங்களுக்குச் சின்னத்தைக் காட்டத்தான் நேரம் இருக்கும். மத்த வேலையெல்லாம் இப்ப நடக்கணும்.

அதுல முதல் வேலை வாக்காளர் பட்டியல். உள்ளாட்சிப் பட்டியலைத் தனியா எடுக்க மாட்டாங்க, சட்டமன்றப் பட்டியலை வார்டு வார்டாப் பிரிச்சு எடுக்கிறாங்க. அதனால சட்டமன்றப் பட்டியல்ல பேர் இல்லாதவருக்கு வார்டுலயும் ஓட்டு இல்லை. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பர் 19-ல வந்த வரைவுல மாநிலம் முழுக்க 97 லட்சம் பேருக்கு மேல விடுபட்டிருந்தாங்க. பெரும்பகுதி "முகவரியில் இல்லை, இடம் பெயர்ந்தார்" வகை. வாடகை வீடு மாறிட்டே இருக்கிற தறிக்காரக் குடும்பம் அந்தக் கணக்குல எவ்வளவு சுலபமா விழும்னு நான் சொல்லணுமா? இறுதிப் பட்டியலை எடுத்துட்டு வீடு வீடா சரிபாருங்க. விடுபட்டவங்களுக்கும் 18 முடிஞ்சவங்களுக்கும் படிவம் 6, வீடு மாறினவங்களுக்கும் எழுத்துப் பிழைக்கும் படிவம் 8. மனு போட்டதும் வர்ற குறிப்பு எண்ணை உங்க நோட்டுல எழுதி வச்சு, ஏத்துக்கிட்டாங்களான்னு திரும்பப் பாருங்க. பாதி மனு "ஆவணம் போதவில்லை"ன்னு யாருக்கும் தெரியாமலே செத்துப் போகும்.

இன்னொரு கண்ணி இருக்கு. வார்டாப் பிரிக்கும்போது ஒரு சந்தோட ஒரு பக்கம் பக்கத்து வார்டுக்குப் போயிரும். வார்டு வரைவுப் பட்டியல் நகராட்சி அலுவலகத்துக்கு வர்ற அன்னைக்கே தெரு வாரியா ஒப்பிட்டு, எழுத்துல ஆட்சேபம் கொடுக்கணும். ஓட்டுப் போடுற அன்னைக்குக் கண்டுபிடிச்சா அந்த முப்பது நாப்பது ஓட்டு போனது போனதுதான்.

இனி எண்ணிக்கை. 2022-ல நகராட்சிகள்ல பதிவானது 68.22 சதவீதம். உங்க 2,100-ல சுமார் 1,430 ஓட்டு விழும்னு வைங்க. அந்தத் தேர்தல்ல மாநிலம் முழுக்க 12,607 இடத்துக்கு 57,778 பேர் நின்னாங்க, வார்டுக்குச் சராசரி நாலரை பேர். நாலஞ்சு முனையில 520-லிருந்து 600 வாங்கினவர் ஜெயிக்க வாய்ப்பு அதிகம். நேருக்கு நேர் ஆயிட்டா 720 வேணும். டெபாசிட் திரும்ப வர ஆறுல ஒரு பங்குக்கு மேல, அதாவது 239. உங்க இலக்கை 600-ன்னு வைக்காதீங்க. வாசல்ல நின்னு கேட்டா எல்லாரும் "போட்டுடுறோம்"னுதான் சொல்வாங்க, அதுல நாலுல ஒண்ணைக் கழிச்சுப் பாக்கணும். அப்படின்னா நோட்டுல 800 பேர் உறுதின்னு இருந்தாத்தான் பெட்டிக்குள்ள 600.

2,100 ஓட்டுன்னா 650 வீடு வரும். இருபது பேர் இருந்தா ரெண்டு ரெண்டு பேரா பத்து ஜோடி, ஒரு ஜோடிக்கு 65 வீடு. ஒரு ஜோடியில ஒருத்தராவது அந்தத் தெருக்காரரா இருக்கணும், பெண் ஒருத்தர் இருந்தா இன்னும் நல்லது. சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும் ஒழுங்காப் பேசினா 12 வீடுதான் ஆகும். 40 வீடு முடிச்சோம்னு வந்து நின்னா நோட்டீஸ் கொடுத்துட்டு வந்திருக்காங்கன்னு அர்த்தம். நைட் ஷிப்ட் வீடுகளைப் பிரிச்சு, நாலிலிருந்து ஆறு மணிக்குள்ள போங்க.

முதல் சுத்துல ஓட்டுக் கேக்காதீங்க. மூணே கேள்வி: இந்தத் தெருவுல முதல்ல எது சரியாகணும், வீட்ல யார் யாருக்குத் தொழிலாளர் நல வாரிய அட்டை இல்லை, பட்டியல்ல எல்லார் பேரும் இருக்கா. நல வாரியப் பதிவு, புதுப்பித்தல், ஓய்வூதிய மனு இதுலதான் ரெண்டாவது தடவை அந்த வீட்டுக்குப் போக ஒரு காரணம் கிடைக்கும். ரெண்டாவது சுத்துல வேட்பாளரைக் கூட்டிட்டுப் போங்க. மூணாவது சுத்து சின்னம் வந்த பிறகு. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு நேரா 1-லிருந்து 5 வரை எண் போடுங்க: 1 நமக்காக நாலு பேரிடம் பேசுவார், 2 நமக்குப் போடுவார், 3 முடிவு பண்ணலை, 4 வேற பக்கம், 5 எதிர்த்து வேலை செய்வார். கடைசி வாரத்துல 3-ஐ மட்டும் பாருங்க. 5-கிட்ட வாதாடி ராத்திரியைத் தொலைக்கிறது இளவட்டங்களோட பொழுதுபோக்கு, அதைத் தடுக்கிறது பொறுப்பாளர் வேலை.

மனுப்பிரிவு

மனு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர் வேட்பாளர்கள் களத்தில் தோற்பதற்கு முன் பரிசீலனை மேசையில் தோற்பது வழக்கமாக இருக்கிறது.

வேட்பாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், பெயர் அந்த நகராட்சியின் பட்டியலில் ஏதாவதொரு வார்டில் இருந்தால் போதும். முன்மொழிபவர் மட்டும் போட்டியிடும் வார்டிலேயே வாக்காளராக இருக்க வேண்டும். அவரது பாகம் எண், வரிசை எண் இரண்டையும் இறுதிப் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். பழைய பட்டியலின் எண்ணை எழுதித் தள்ளுபடியான மனுக்கள் உண்டு. 2022-ல் நகராட்சி வார்டுக்கு டெபாசிட் 2,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1,000.

சொத்து, கடன், வழக்கு பற்றிய உறுதிமொழி ஆவணத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். இல்லை என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். வெற்றிடம் விட்ட மனுவைத் தள்ளலாம் என்பது 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கத்துக்காரர்களுக்கு இங்கே தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கூலி உயர்வுக்காக மறியல் செய்த போது போட்ட வழக்கு, சம்மனே வராமல் நிலுவையில் கிடக்கும். தன் மேல் வழக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. எதிர்த்தரப்பு அதைத் தோண்டி எடுத்து "மறைத்துவிட்டார்" என்று ஆட்சேபிக்கும். எனவே பேச்சில் இருக்கும் ஒவ்வொருவர் மீதும் உள்ள வழக்குகளைக் காவல் நிலையத்திலும் நீதிமன்ற இணையதளத்திலும் இப்போதே தேடி, எண், பிரிவு, நிலை மூன்றையும் குறித்து வையுங்கள். போராட்ட வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் தகுதிக் குறைவு ஆகாது.

சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கியில்லை என்ற சான்று, தனி வார்டு என்றால் சாதிச் சான்று, இரண்டும் தயாராக இருக்கட்டும். நகராட்சியில் சம்பளம் வாங்குபவரையும் நகராட்சி ஒப்பந்தத்தில் பங்குள்ளவரையும் நிறுத்த நினைக்காதீர்கள்.

"ஒருத்தரை நிறுத்தலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவரை நம்பி இறங்க வேண்டாம். பாதி இடங்கள் பெண்களுக்கு. உங்கள் வார்டு பொதுவா, பெண்கள் வார்டா, தனி வார்டா என்ற அரசிதழ் அறிவிப்பு தேர்தலுக்கு மிக அருகில்தான் வரும். குறைந்தது மூன்று பேரை, அதில் இரண்டு பெண்களை, அவர்களில் ஒருவராவது பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக, இப்போதிலிருந்தே தெருவில் முன்னால் நிறுத்திப் பழக்குங்கள். அறிவிப்பு வந்த பிறகு பொறுப்பாளரின் மனைவியைத் தேடிப் போய் மனுவில் கையெழுத்து வாங்குவது மற்ற கட்சிகள் செய்வது. தார் போடும் பெண்கள் இத்தனை பேர் இருக்கும் வார்டில் உங்களுக்கு அந்தத் தேவை வரக்கூடாது.

எதிர்க்காற்று

ரெண்டாவது கேள்விக்கு யாரும் வரலையே. என் கருத்து, கூட்டணியில இருக்கிற இடதுசாரிக் கட்சி ஒண்ணோட சின்னம் கிடைச்சா எடுத்துக்கறதுதான் புத்தி. சின்னம் முன்கூட்டியே தெரியும், மனுத் தாக்கல் அன்னைக்கே சுவர் எழுதலாம், கூட்டணியோட நிலையான ஓட்டும் ஓரளவு வரும். சுயேச்சைக்கு பத்து நாள்தான்னு மேலேயே கணக்கு இருக்கு.

ஆனா வார்டுப் பங்கீடு மனுவோட கடைசி ரெண்டு நாள்ல முடிவாகும், அதையும் மாவட்டத்துல உக்காந்து முடிவு பண்ணுவாங்க. உங்க வார்டு பெரிய கட்சிக்குப் போச்சுன்னா, கூட்டணி தர்மம்னு அவங்களுக்கே வேலை செய்யச் சொல்வாங்க. அப்ப என்ன பண்றதுன்னு இன்னைக்கே சங்கக் கூட்டத்துல பேசித் தீர்மானம் எழுதி வச்சிருங்க. அந்த ராத்திரியில பேச ஆரம்பிச்சா சங்கம் ரெண்டா உடையும். கூட்டணிச் சீட்டுங்கறது கெட்டியான சொத்தும் இல்லை. 2022 மார்ச் 4-ல தலைவர் பதவிகளுக்கு மறைமுகத் தேர்தல் (கவுன்சிலர்கள் மட்டும் ஓட்டுப் போடுறது) நடந்தப்ப, தோழமைக் கட்சிகளுக்கு ஒதுக்கின இடங்கள்லயே திமுக-காரங்க போட்டியிட்டு ஜெயிச்சு, அவங்களை ராஜினாமா பண்ணச் சொல்லி முதலமைச்சரே அறிக்கை விட வேண்டியிருந்தது.

வீட்டுக்கணக்கு

@எதிர்க்காற்று, பாதி ஒத்துக்கறேன். கட்சிச் சின்னத்தோட கட்சியோட எதிர்ப்பும் சேர்ந்துதான் வரும். உங்க நோட்டுல 3-ன்னு இருக்கிற வீடுகள்ல எதிர்க்கூட்டணிக் குடும்பம் எத்தனைன்னு எண்ணிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டினா சுயேச்சை மோசமில்லை.

சுயேச்சைன்னா சின்னத்தை யோசிச்சுக் கேளுங்க. பட்டியல்ல இருந்து மூணு விருப்பம் எழுதச் சொல்வாங்க, ஒரே சின்னத்தை ரெண்டு பேர் கேட்டா குலுக்கல். கரித்துண்டுல ஒரு நிமிஷத்துல வரையற மாதிரி, தூரத்துல இருந்து பாத்தாலும் வேற ஒண்ணா தெரியாத மாதிரி இருக்கணும். உங்க ஆள் பேர்லயே ரெண்டு டம்மி சுயேச்சை இறங்குவாங்கங்கறதையும் எதிர்பாருங்க. அதுக்கு மருந்து, ஓட்டு இயந்திரத்துல நம்ம ஆள் பேருக்கு வர்ற வரிசை எண். வாபஸ் முடிஞ்சு இறுதிப் பட்டியல் வந்த அன்னைக்கு ராத்திரியே எண்ணும் சின்னமும் போட்ட நோட்டீஸ் அச்சாகணும். அச்சகத்துல முன்கூட்டியே நேரம் பிடிச்சு வையுங்க, அன்னைக்கு எல்லா வார்டுக்காரனும் அங்கதான் நிப்பான்.

தறிமேடை

தோழர்களே, இதுவே பெரிய உதவி. பணத்தைப் பத்தியும் பட்டறைக்காரங்களைப் பத்தியும் யாராவது சொல்லுங்க. அவங்ககிட்ட பாக்கி (முன்பணக் கடன்) வாங்கின குடும்பம் நிறைய இருக்கு. "எங்காளுக்குப் போடலைன்னா பாக்கியை வச்சுட்டுப் போ"ன்னு ஒரு வார்த்தை வந்தாப் போதும், ஆடிப் போயிருவாங்க.

ரெண்டாம்ஷிப்ட்

பட்டறை வாசல்ல நின்னு ஆதரவு கேக்கவே கூடாது. பட்டறைக்குள்ள யார் தலையாட்டினாங்கன்னு மேஸ்திரி பாப்பான். பேச்செல்லாம் வீட்லதான். ஊர்வலத்துக்கு வரச் சொல்லி, கொடி பிடிக்கச் சொல்லி பாக்கிக்காரரைக் கட்டாயப்படுத்தாதீங்க, அவர் ஓட்டு மட்டும் போதும். மேல சொன்ன 1-லிருந்து 5 வரை எண் போட்ட நோட்டு இருக்கே, அதுல பேர் இல்லாம வீட்டு எண் மட்டும் இருக்கட்டும். ஒரு ஜோடிகிட்ட அவங்க 65 வீட்டோட தாள் மட்டும். முழு நோட்டு ஒருத்தர்கிட்ட. அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவுல போட்டா அன்னைக்கே பட்டறை வரைக்கும் போயிரும்.

ஓட்டு ரகசியம்னு நமக்குத் தெரியும், அவங்களுக்கு நம்பிக்கை இல்லை. "எந்த பட்டனை அமுக்கினேன்னு கம்ப்யூட்டர்ல தெரிஞ்சிரும்"னு ஒரு வதந்தி ஒவ்வொரு தேர்தல்லயும் ஓடும். இயந்திரம் எண்ணிக்கையை மட்டும்தான் வச்சிருக்கும், யார் போட்டதுன்னு அதுல இல்லைங்கறதை மூணாவது சுத்துல ஒவ்வொரு வீட்லயும் சொல்லணும்.

பணம். கொடுக்கிறதும் குத்தம், வாங்குறதும் குத்தம். அதனால "வாங்கிக்கங்க, ஆனா நமக்குப் போடுங்க"ன்னு மேடையில பேசாதீங்க, வழக்கு உங்க மேல திரும்பும். வாங்கினவங்களைக் கேவலமாப் பேசவும் வேண்டாம். ஒரு வாரக் கூலி கைக்கு வர்றப்ப வேண்டாம்னு சொல்றதுக்கு எவ்வளவு தெம்பு வேணும்னு யோசிங்க. நடைமுறையில முடியறது ரெண்டு. கடைசி மூணு ராத்திரி தெருமுனையில நம்ம ஆட்கள் ரெண்டு ரெண்டு பேரா உக்காந்திருக்கணும். பணம் வெளிச்சத்துல இறங்காது, ஆள் நடமாட்டம் இருந்தாலே பாதி குறையும். டோக்கன் கொடுக்கிறது தெரிஞ்சா எந்த வீடு, எத்தனை மணின்னு குறிச்சு, படம் எடுத்து, பறக்கும் படைக்குப் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்குங்க. கைகலப்புல மட்டும் இறங்காதீங்க, நம்ம பூத் ஏஜெண்டைத்தான் முதல்ல தூக்குவாங்க.

ரெண்டாவது, 1-ம் 2-ம் போட்ட வீடுகளுக்கு முந்தின ராத்திரி மறுபடி போறது. வேட்பாளர் வர வேண்டியதில்லை, வழக்கமா வர்ற அந்த ஜோடியே போகலாம். பிரச்சார நேரம் முடிஞ்சிருக்கும், அதனால கூட்டமாப் போகாம, ஓட்டுக் கேக்காம, எத்தனை மணிக்குக் கிளம்புவீங்கன்னு மட்டும் கேளுங்க. நேரத்தைச் சொன்னவர் வருவார்.

ஓட்டு அன்னைக்கு நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்களை நேரா ஏழு மணிக்கே வரிசையில நிறுத்துங்க. வீட்டுக்குப் போய்ப் படுத்தா எந்திரிக்கும்போது மூணு மணி ஆயிரும், அப்புறம் வரமாட்டாங்க. பூத்துக்குள்ள இருக்கிற ஏஜெண்ட், ஓட்டுப் போட்டவங்களோட வரிசை எண்ணைப் பட்டியல்ல அடிச்சுட்டே வரணும். வெளிய இருக்கிறவர் பதினொண்ணு, ஒண்ணு, மூணு மணிக்குக் கணக்கை நோட்டோட ஒப்பிட்டு, வராத வீட்டுக்கு ஆள் அனுப்பணும். ஆட்டோ வாடகைக்குப் பிடிச்சு ஓட்டாளரைக் கூட்டிட்டு வராதீங்க, அது தேர்தல் முறைகேட்டுல வரும்.

எதிர்க்காற்று

ஒண்ணு கேக்கணும். கவுன்சிலராகி தறிக்கூலியை ஏத்த முடியுமா? முடியாது. அதை வாக்குறுதியா அடிச்சுட்டா ஆறு மாசத்துல அவங்களே கேப்பாங்க.

வீட்டுக்கணக்கு

சரியான கேள்வி. கூலி சங்கத்தோட வேலை, அது நோட்டீஸ்ல வரக்கூடாது. மன்றத்துக்குள்ள கை வைக்க முடிஞ்சதை மட்டும் எழுதுங்க. குடிநீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது, சாக்கடை, தெருவிளக்கு, பொதுக் கழிப்பிடம். 2022 ஏப்ரல்ல சொத்து வரியை 25-லிருந்து 150 சதவீதம் வரைக்கும் ஏத்தினாங்க, வீட்டுக்காரர் அதை வாடகையில வச்சு வாங்குறார். அளவு தப்பாப் போட்ட வீடுகளுக்கு மறு அளவீடு கேக்கலாம். தூய்மைப் பணி ஒப்பந்தம் மன்றத்துக்கு வரும்போது பிஎஃப், இஎஸ்ஐ கட்டின ரசீதை வைக்காம பில் பாஸ் பண்ணக்கூடாதுன்னு தீர்மானம் கொண்டு வரலாம். தோத்தாலும் எதிர்ப்பைக் குறிப்புல பதியச் சொல்லணும். 2025 ஆகஸ்ட்ல சென்னை ரிப்பன் மாளிகை முன்னாடி தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உக்காந்தது, தனியார்கிட்ட வேலையைக் கொடுத்ததை எதிர்த்துத்தான். அந்த மாதிரி ஒப்பந்தம் மன்றத்துக்கு வர்ற அன்னைக்கே கேள்வி கேக்க உள்ள ஒரு ஆள் இருந்தா, வெளிய தாள் வர்றதுக்கு முன்னாடியே சங்கத்துக்குத் தெரியும். ஏரியா சபைக்கு (வார்டு மக்கள் கூடிப் பேசுற கூட்டம்) 2022-ல விதி வந்திருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதைக் கூட்டுவோம்னு எழுதலாம், நடத்திக் காட்டவும் முடியும்.

ஜெயிச்ச மறுநாளே ரெண்டு சோதனை வரும். தலைவர் தேர்தல் மறைமுக ஓட்டு, கவுன்சிலர்களை வண்டியில ஏத்தி விடுதிக்குக் கொண்டு போவாங்க. வார்டுக் கூட்டத்துல முடிவெடுத்துதான் ஓட்டுப் போடுவேன்னு மனுவுக்கு முன்னாடியே எழுதிக் கையெழுத்து வாங்குங்க. சட்டப்படி அது கட்டாது, தெருவுக்குள்ள கட்டும். இன்னொண்ணு வயித்துப்பாடு. 2023 ஜூலையிலிருந்து நகராட்சிக் கவுன்சிலருக்கு மாச மதிப்பூதியம் 5,000. தறியை விட்டுட்டு வார்டு சுத்தினா அது அரிசிக்கே பத்தாது. மீதியைச் சங்கம் எப்படிக் கொடுக்கும்னு இப்பவே முடிவு பண்ணலைன்னா, ஒப்பந்தக்காரர் முடிவு பண்ணுவார்.

மனுப்பிரிவு

செலவு வரம்பு விடுபட்டிருக்கிறது. 2022-ல் முதல், இரண்டாம் நிலை நகராட்சிகளுக்கு 34,000 ரூபாய், தேர்வு நிலை, சிறப்பு நிலைக்கு 85,000. அடுத்த தேர்தலுக்கு மாறலாம், அறிவிப்பைப் பாருங்கள். 300 குடும்பம் தலைக்கு நூறு கொடுத்தால் 30,000 வந்துவிடும். ஒவ்வொரு நூறுக்கும் ரசீது போடுங்கள், கொடுத்தவர் உங்கள் நோட்டில் தானாகவே 1 ஆகிவிடுவார். டீ, சைக்கிள் மைக், பேட்டரி வாடகை, நோட்டீஸ் எல்லாம் செலவில் சேரும். துண்டறிக்கையில் அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர், பிரதி எண்ணிக்கை இல்லாமல் அச்சிடாதீர்கள்.

முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தோற்றவரும் செய்ய வேண்டும். தோற்ற சோர்வில் விட்டுவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாமல் போகும். கொடுத்ததற்கு முத்திரை வைத்த ஒப்புகை வாங்கி, நகலைச் சங்க அலுவலகத்தில் வையுங்கள், வேட்பாளர் வீட்டில் வேண்டாம்.

தறிமேடை

நன்றி தோழர்களே. ஞாயித்துக்கிழமை கமிட்டியில மூணு பேரோட பேர் வைக்கிறோம். பட்டியல் சரிபார்ப்புக்குத் தெருவைப் பிரிச்சாச்சு. ஒரு சந்தேகம்: படிவம் 6 போட வாடகை ஒப்பந்தம் இல்லாத வீடுகளுக்கு எதைக் காட்டுறது?

மனுப்பிரிவு

அந்த முகவரிக்கு வரும் கேஸ் ரசீது, வங்கிப் புத்தகம், ஆதார் இவற்றில் ஒன்று போதும், அவர் பெயரிலோ பெற்றோர், கணவன்-மனைவி பெயரிலோ இருக்கலாம். எதுவும் இல்லாவிட்டாலும் மனுவை வாங்க மாட்டோம் என்று சொல்லக்கூடாது, வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும். அவர் வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். பகல் ஷிப்ட் வீடுகளின் பட்டியலை அவரிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் தெருவாக வரச் சொல்லிக் கேளுங்கள்.